முப்பத்தெட்டு வயதில் ஜெர்மன் சொற்கள்: ஒரு செவிலியரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் மாவட்டம் ஒன்றில், தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்ப்பவர். வயது 38. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழிக் கல்வி. நர்சிங் படித்தது ஆங்கிலத்தில். கணவர், இரண்டு பிள்ளைகள். ஜெர்மனியில் வேலைக்குப் போக வேண்டும் என்று ஜெர்மன் படிக்கத் தொடங்கினார். வெளிநாட்டில் படித்த செவிலியரின் படிப்பை அங்கே அங்கீகரிக்கப் பொதுவாக பி2 நிலைச் சான்றிதழ் கேட்கிறார்கள். மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும் படிகளாக அளக்கிறார்கள்; பி2-வுக்கு முந்தைய படி பி1.

சொற்கணக்கில் பார்த்தால் பி1 சின்னப் படி இல்லை. ஜெர்மன் தேர்வுகளை நடத்தும் கோதே நிறுவனத்தின் சொற்பட்டியலில் ஏ1 நிலைக்குச் சுமார் 650 சொற்கள், ஏ2-வுக்கு 1300, பி1-க்கு 2400. அதாவது இரண்டு நிலைகளில் சேர்த்த மொத்த இருப்பை ஒரே நிலையில் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்க வேண்டும். ஏ2 வரை எப்படியோ ஓட்டியவர்கள் பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

இவர் ஏ1, ஏ2 இரண்டையும் வேறொரு இடத்தில் முடித்துவிட்டு, ஒரு ஜூன் மாதம் என்னுடைய மாலை பேட்ச்சில் சேர்ந்தார். சேரும்போதே சொன்னது இது: "சார், நைட்டு படிக்கிறப்ப அம்புட்டும் தெரியுது. ரெண்டு நாள் கழிச்சு நோட்டைத் தொறந்தா எல்லாம் புதுசா இருக்கு. வயசாயிருச்சு, இனிமே மண்டையில ஏறாதோன்னு இருக்கு."

நான் ஜெர்மன் சொல்லிக்கொடுப்பவன், நரம்பியல் வல்லுநன் இல்லை. கீழே மூளையைப் பற்றி வருபவை வெளியான ஆய்வுகளிலிருந்து எடுத்தவை. அவரைப் பற்றி வருபவை வகுப்பில் பார்த்தவை. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் வாரங்களில் கண்டது

உழைப்பில் குறையே இல்லை. பெரிய நோட்டுகள் நிரம்பி வழிந்தன. இடப்பக்கம் ஜெர்மன் சொல், வலப்பக்கம் ஆங்கிலப் பொருள், கீழே பென்சிலில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு. யூடியூப் வீடியோக்களிலிருந்து எடுத்த பட்டியல்கள் தலைப்பு வாரியாக இருந்தன: சமையலறை, உடல் உறுப்புகள், உணர்ச்சிகள், திசைகள். போனில் ஒரு ஆப்பும் வைத்திருந்தார். நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டிய வினாக்கள். அதில் அவர் மதிப்பெண் எப்போதும் தொண்ணூறுக்கு மேல்.

படித்த நேரம் நைட் டியூட்டியில், வார்டு அடங்கிய பிறகு, விடியற்காலை மூன்று மணி வாக்கில். காலையில் ஹேண்ட்ஓவர் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய், சமையல், துணி, பிள்ளைகள் வேலை எல்லாம் முடித்துப் படுக்கும்போது மதியம் நெருங்கிவிடும்.

அவருடைய நோட்டிலிருந்தே சொற்களைப் பொறுக்கி இரண்டு விதமாகக் கேட்டேன். ஜெர்மன் சொல்லையும் நான்கு பொருளையும் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகவே தொட்டார். பொருளை மட்டும் தமிழில் சொல்லி ஜெர்மன் சொல்லைக் கேட்டால் நாலில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஆப் அளந்தது முதல் வகை அறிவை. தேர்வு அறையில் வாய்மொழிப் பகுதியில் வேண்டியது இரண்டாவது வகை. ஆப் கொடுத்த தொண்ணூறு அவரை ஏமாற்றிக்கொண்டே இருந்தது.

இன்னும் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. இரண்டையும் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலாவது, 'கெடுல்டிக்' என்ற சொல். பொறுமையான என்று பொருள். ஒரு பயிற்சியில் அவர் சொன்ன வாக்கியம் எனக்குப் புரியவே இல்லை. என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டபோது, நோயாளி படுத்திருக்கிறார் என்று சொல்ல வந்ததாகச் சொன்னார். நோட்டைப் புரட்டினால் அங்கே 'கெடுல்டிக்' எதிரே ஆங்கிலத்தில் 'பேஷன்ட்' என்று இருந்தது. அதற்குப் பொறுமையான என்றும் நோயாளி என்றும் இரு பொருள். வருடக்கணக்காக வார்டில் நின்றவருக்கு அந்த ஆங்கிலச் சொல் நோயாளியைத் தவிர வேறு எதைக் காட்டும்? ஜெர்மன் சொல் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டது, ஆங்கிலம் தவறான தமிழில் கொண்டுபோய் விட்டது.

இதைப் பார்த்த பிறகு நோட்டு முழுவதையும் வேறு கண்ணோடு படித்தேன். மருத்துவச் சொற்களில் ஆங்கிலப் பாலம் உறுதியாக இருந்தது. ரத்த அழுத்தம், ஊசி, காயம், வீக்கம் எல்லாம் அவருக்கு ஆங்கிலத்தில் தண்ணீர் பட்ட பாடு; அவற்றின் ஜெர்மன் சொற்களும் நின்றன. குனிவது, சாய்வது, பிழிவது, ஏமாற்றம், கூச்சம், ஆர்வம் போன்ற சொற்களில் ஆங்கிலமே அவருக்கு அரைகுறை. அரைகுறைப் பாலத்தில் ஏற்றிய ஜெர்மன் சொற்கள்தான் இரண்டு நாளில் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

இரண்டாவது, 'நேமென்' குடும்பம். எடுப்பது என்ற வினை. அதற்கு முன்னால் ஒரு சிறு ஒட்டுச் சேர்த்தால் பொருள் மாறிவிடும். மருந்து உட்கொள்வது ஐன்நேமென். உடல் எடை குறைவது அப்நேமென். ரத்தம் எடுப்பதற்கும் அதே அப்நேமென்தான். எடை கூடுவது ட்ஸூநேமென். நோயாளியை அட்மிட் செய்வது அவுஃப்நேமென். கையோடு கொண்டுபோவது மிட்நேமென். செவிலியருக்கு இவை அத்தனையும் அன்றாடம் வேண்டியவை. அவர் இவற்றை ஒரே பக்கத்தில், ஒரே நாளில், அழகான அட்டவணையாகப் படித்திருந்தார்.

வகுப்பில் நடந்த ஒரு நாடகப் பயிற்சியில், சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்ல வேண்டும். ஜெர்மனில் இந்த வகை வினைகள் வாக்கியத்தில் பிரிந்துபோகும். வினை முன்னால் நிற்கும்; ஒட்டு கடைசியில் வந்து சேரும். "நேமென் ஸீ டீ டப்லெட்டெ நாஹ் டேம் எஸ்ஸென்..." என்று தட்டில்லாமல் வந்தவர், அந்தக் கடைசி ஓரசையில் நின்றுவிட்டார். ஐன் வர வேண்டும். கண்ணை மூடினார், விரலை மடக்கி எண்ணினார், பிறகு 'அப்' என்றார். உடனே 'இல்ல, ட்ஸூ' என்றார். ஒட்டுகள் எல்லாமே அவருக்குத் தெரியும். எது எதனுடையது என்பது மட்டும் கலைந்து கிடந்தது.

வயதா காரணம்?

அதே பேட்ச்சில் 23 வயதில் ஒரு மாணவி இருந்தார். அவருக்கும் அதே இரண்டு விதத் தேர்வை வைத்தேன். புதுச் சொற்களை அவர் வேகமாகப் பிடித்தார்; உச்சரிப்பும் தெளிவு. ஆனால் சில வாரம் கழித்து, பொருளைச் சொல்லி ஜெர்மன் சொல்லைக் கேட்டபோது இருவருக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 'நேமென்' குடும்பத்தில் இளையவரும் அதே இடத்தில்தான் தடுக்கினார். இரண்டு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனாலும் வயதின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

ஆய்வுகளும் அப்படி ஒரேயடியாகச் சொல்லவில்லை. ஏறக்குறைய 6.7 லட்சம் பேரின் விடைகளை வைத்து 2018-ல் ஹார்ட்ஸ்ஹோர்ன், டெனென்பாம், பிங்கர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, 17 வயதைத் தாண்டியதும் கற்கும் திறன் சரிவதாகச் சொன்னது. ஆனால் அது அளந்தது இலக்கணத்தை. சொற்களைச் சேர்க்கும் வேலை வாழ்நாள் முழுக்க நடக்கிறது. தாய்மொழியிலேயே நாற்பது, ஐம்பது வயதில் புதுச் சொற்களைக் கற்றுக்கொண்டுதான் இருக்கிறோம்.

மறதியும் இவருக்கு மட்டும் உரியதில்லை. ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-ல் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்துக்கொண்டார். மறுபடி படிக்கும்போது மிச்சமாகும் உழைப்பை வைத்து அவர் கணக்கிட்டதில், ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாள் கழித்து நின்றது மூன்றில் ஒரு பங்கு. 2015-ல் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோதும் வளைகோடு ஏறத்தாழ அப்படியே வந்தது. அவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். "அப்ப எல்லாருக்கும் இப்படித்தானா?" என்று கேட்டார். முகத்தில் கொஞ்சம் தெளிச்சி தெரிந்தது.

சொல் மூளைக்குள் போகும் வழி

முடிவுகளைச் சொல்வதற்கு முன் அவற்றுக்குப் பின்னால் இருந்த சித்திரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மெக்லெலண்ட், மெக்நாட்டன், ஓ'ரைலி மூவரும் 1995-ல் முன்வைத்த கருத்துப்படி மூளையில் இரண்டு கற்றல் அமைப்புகள் சேர்ந்து இயங்குகின்றன. மூளையின் உள்ளே இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி எதையும் ஓரிரு தடவையில் பிடித்துக்கொள்ளும். மூளையின் மேற்புறணி மெதுவாக, பல தடவை பார்த்துப் பார்த்து, ஏற்கெனவே இருக்கும் அறிவோடு கோத்துக்கொள்ளும். டேவிஸும் காஸ்கெல்லும் 2009-ல் இதைச் சொற்கற்றலுக்குப் பொருத்திக் காட்டினார்கள். அவருக்கு இதை நான் மருத்துவமனை பாஷையில் சொன்னேன்: புதுச் சொல் முதலில் கேஷுவாலிட்டிக்கு வரும், வார்டுக்கு மாற்றினால்தான் அட்மிஷன்.

ஹிப்போகாம்பஸ் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை எச்.எம். என்ற எழுத்துகளால் அறியப்பட்ட அமெரிக்கர் காட்டினார். வலிப்பு நோய்க்காக 1953-ல் செய்த அறுவை சிகிச்சையில் அவருடைய ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி போய்விட்டது. தாய்மொழியில் பேச்சு, சொல்வளம் எல்லாம் அப்படியே இருந்தன. அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்த சொற்களை அவரால் ஏறக்குறைய கற்கவே முடியவில்லை என்று 1988-ல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. பழைய சொற்கள் வார்டில் பத்திரம்; புதியவை உள்ளே வர வாசல் இல்லை.

வார்டுக்கு மாற்றும் வேலையில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. டூமேயும் காஸ்கெல்லும் 2007-ல் செய்த சோதனையில், ஏற்கெனவே தெரிந்த சொற்களைப் போலவே ஒலிக்கும் புனைச் சொற்களைக் கற்பித்தார்கள். புதுச் சொல் பழைய சொல்லோடு போட்டி போட்டு அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தத் தொடங்கினால், அது மனதில் உள்ள சொற்களஞ்சியத்துக்குள் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் தூங்கியவர்களிடம் இந்தப் போட்டி தெரிந்தது. விழித்தே இருந்தவர்களிடம் தெரியவில்லை.

பெரியவர்களின் மூளை இதற்கெல்லாம் வளைந்துகொடுக்குமா என்ற கேள்விக்கு ஸ்வீடன் ராணுவத்தின் மொழிபெயர்ப்பாளர் பயிற்சி நல்ல பதில். அங்கே இளைஞர்கள் அரபி, தாரி, ரஷ்ய மொழிகளை வாரத்துக்கு நூற்றுக்கணக்கான சொற்கள் என்ற கதியில் படிக்கிறார்கள். மோர்டென்ஸன் குழுவினர் 2012-ல் வெளியிட்ட ஸ்கேன் ஆய்வில், மூன்று மாதப் படிப்புக்குப் பிறகு அவர்களுடைய ஹிப்போகாம்பஸ் அளவு கூடியிருந்தது. மொழி சார்ந்த புறணிப் பகுதிகளும் தடித்திருந்தன. நம் மாணவிக்கு ராணுவப் பயிற்சியும் இல்லை, முழுநேரமும் இல்லை. இருந்தாலும் வாசல் மூடிவிடவில்லை என்று சொல்ல இது போதும்.

எடுத்த முடிவுகள்

முதலில் புதுச் சொற்களை நிறுத்தினோம். இரண்டு வாரத்துக்கு ஒரு சொல்கூடப் புதிதாக இல்லை. அவருக்கு இது பிடிக்கவில்லை. "தேர்வு ஜனவரியில இருக்கு சார், நீங்க நிப்பாட்டச் சொல்றீங்க" என்றார். நோட்டில் இருப்பவற்றில் பாதி வாய்க்கு வராதபோது மேலும் மேலும் எழுதுவதில் பயன் இல்லை என்று சொல்லித்தான் ஒப்புக்கொள்ள வைத்தேன்.

ஆப்பை விட்டுவிட்டு அட்டைக்கு மாறினோம். ஒரு பக்கம் தமிழில் சூழல் அல்லது சிறு படம், மறுபக்கம் ஜெர்மன். அட்டையைத் திருப்பும் முன் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். தவறாகச் சொன்னாலும் பரவாயில்லை, சொல்லாமல் திருப்பக் கூடாது. மறுபடி மறுபடி படிப்பதைவிட நினைவிலிருந்து எடுப்பதே சொல்லை நிறுத்தும் என்பதற்கு கார்ப்பிக், ரோடிகர் இருவரின் 2008 ஆய்வைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. மாணவர்கள் 40 சுவாஹிலி சொற்களைக் கற்றார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன பிறகும் திரும்பத் திரும்ப நினைவிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தவர்கள் ஒரு வாரம் கழித்து 80 சதவீதம் போல நினைவு வைத்திருந்தார்கள். எடுப்பதை நிறுத்திவிட்டவர்கள், எத்தனை தடவை மறுபடி படித்திருந்தாலும், 35 சதவீதத்தை ஒட்டியே நின்றார்கள். இன்னொரு விஷயம் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது: உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது எல்லாக் குழுவினரும் பாதி இருக்கும் என்றே சொன்னார்கள். எந்தப் படிப்பு நிற்கும் என்பது படிப்பவருக்கே தெரிவதில்லை.

அட்டைகளை வைக்க லைட்னர் பெட்டி முறை. ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் பரப்பியது. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அங்கே அதைப் பார்க்கும் இடைவெளி நீளும். தவறினால் முதல் பெட்டிக்குத் திரும்பும். அவர் காலியான கையுறை டப்பாக்களை அறுத்து ஐந்து பெட்டி செய்து, ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டிக் கிழமையை எழுதிவைத்தார். மேலே திறப்பு உள்ள டப்பா. அட்டை எடுக்க வசதியாகத்தான் இருந்தது.

'நேமென்' குடும்பத்தைப் பிரித்துவிட்டோம். ஒருபோல இருக்கும் சொற்களை ஒரே நேரத்தில் கற்றால் ஒன்றை ஒன்று இடிக்கும். ஒரே தலைப்பின் கீழ் வரும் சொற்களைக்கூட ஒன்றாகக் கற்பது கடினம் என்று டிங்கம் 1993-ல் காட்டினார். வேரிங் 1997-ல் ஜப்பானிய மாணவர்களிடம் அதையே கண்டார். நம் பாடப்புத்தகங்களும் வீடியோக்களும் தலைப்பு வாரியாகத்தான் சொற்களை அடுக்குகின்றன. அடுக்குபவருக்கு அது வசதி. படிப்பவரின் மூளைக்கு அதுவே இடைஞ்சல்.

முதலில் ஐன்நேமென் மட்டும். அதுவும் தனிச் சொல்லாக இல்லாமல் மாத்திரையோடு, கை வாய்க்குப் போகும் சைகையோடு. அது மூன்றாவது பெட்டியைத் தாண்டிய பிறகே அப்நேமென். அதை ரத்தம் எடுக்கும் சூழலில் மட்டும், முழங்கைக்கு மேலே டூர்னிகே பட்டை கட்டும் பாவனையோடு. எடை குறைவது என்ற பொருளை அப்போது சொல்லவே இல்லை. சைகை விளையாட்டுக்காகச் சேர்த்ததில்லை. மேயர் குழுவினர் 2015-ல், சைகை செய்துகொண்டே கற்ற சொற்கள் நீண்ட நாள் நின்றதையும், அவற்றைக் கேட்கும்போது மூளையின் இயக்கப் பகுதிகளும் ஈடுபடுவதையும் கண்டார்கள். செவிலியரின் கைக்கு இந்த அசைவுகள் ஏற்கெனவே பழக்கம், அதைப் பயன்படுத்திக்கொண்டோம்.

ஆங்கிலப் பாலத்தை மருத்துவச் சொற்களுக்கு மட்டும் விட்டுவைத்தோம். மற்றவற்றுக்குத் தமிழ்ச் சூழல். 'கெடுல்டிக்' அட்டையின் முன்பக்கத்தில் அவரே எழுதியது: 'கூட்டம் எவ்வளவு இருந்தாலும் முகம் சுளிக்காத அந்த ஓ.பி. டாக்டர் எப்படிப்பட்டவர்?' இரண்டாம் மொழிச் சொல் தொடக்கத்தில் முதல் மொழிச் சொல்லின் தோளில் ஏறித்தான் பொருளை அடைகிறது என்பது க்ரோல், ஸ்டூவர்ட் இருவரும் 1994-ல் வரைந்த மாதிரி. அப்படியானால் தோள் கொடுக்கும் மொழி உறுதியான மொழியாக இருக்க வேண்டும்.

பெயர்ச்சொற்களை, அவற்றின் பாலைக் காட்டும் டேர், டீ, டாஸ் என்ற முன்சொற்கள் இல்லாமல் எழுதக் கூடாது என்று விதி வைத்தோம். நமக்குத் திணை, பால் எல்லாம் பொருளைப் பார்த்து வருபவை. கரண்டி, முள்கரண்டி, கத்தி எல்லாமே 'அது'தான். ஜெர்மனில் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டிலும் சேராதது. இதில் நியாயம் தேடினால் பைத்தியம் பிடிக்கும். சொல்லோடு சேர்த்து ஒரே ஒலியாக விழுங்குவதுதான் வழி.

கடைசியாக நேரம். நைட் டியூட்டி வாரங்களில் புதுச் சொல் கிடையாது. பழைய அட்டைகள் மட்டும், அதுவும் வீட்டுக்கு வந்து படுப்பதற்குச் சற்று முன். பகல் டியூட்டி வாரங்களில் இரவு தூங்கப் போகும் முன் சில புதுச் சொற்கள்.

நடந்தது

முதல் மாதம் பார்க்க நன்றாக இல்லை. ஆப்பில் தொண்ணூறு வாங்கிப் பழகியவருக்கு அட்டைகள் தினமும் தோல்வியைக் காட்டின. முதல் பெட்டி நிரம்பியும் கடைசிப் பெட்டி காலியாகவும் கிடந்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள்தான் அட்டையைப் பிடித்துக் கேள்வி கேட்பவர். "அம்மா, இதை நேத்தும் தப்பாத்தான் சொன்ன" என்று அவர் சொன்னது அம்மாவுக்குக் கோபத்தை வரவழைத்தது.

அந்தக் கட்டத்தில் அவரிடம் ஓர் ஆய்வைச் சொன்னேன். மெக்லாக்லின், ஆஸ்டர்ஹவுட், கிம் 2004-ல் வெளியிட்டது. பிரெஞ்சு படிக்கத் தொடங்கியவர்களுக்குச் சராசரியாக 14 மணி நேர வகுப்பு முடிந்த நிலையில், உண்மையான பிரெஞ்சுச் சொல் எது, போலிச் சொல் எது என்று கேட்டார்கள். விடைகள் குத்துமதிப்புதான். ஆனால் தலையில் ஒட்டிய மின்முனைகள் பதிந்த அலைகளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. வாய்க்கு வருவதற்கு முன்பே மூளை பிரித்தறியத் தொடங்கிவிடுகிறது. இது அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னதுதான். அவர் மூளையில் அப்போது என்ன நடந்தது என்று நான் அளக்கவில்லை.

ஆகஸ்ட் பாதியில் திருப்பம் தெரிந்தது. ஐன்நேமென் தடையில்லாமல் வந்தது. வாக்கியத்தின் கடைசியில் நின்று யோசிக்கும் பழக்கம் அந்த ஒரு வினையில் போய்விட்டது. மறுபடி அதே இரு விதத் தேர்வை வைத்தபோது, பொருளிலிருந்து ஜெர்மனுக்குப் போகும் பகுதியில் பாதிக்கு மேல் சரியாகச் சொன்னார். ஆங்கிலப் பாலத்திலிருந்து தமிழுக்கு மாற்றிய சொற்களில் முன்னேற்றம் இன்னும் தெளிவு.

அக்டோபரில் ஒரு சரிவு. உடன் வேலை பார்த்த ஒருவர் நீண்ட விடுப்பில் போக, இவருக்குத் தொடர்ந்து நைட் டியூட்டி விழுந்தது. அட்டைகள் தேங்கின. ஒரு நாள் பெட்டியைத் திறந்தால் பார்க்க வேண்டியவை நூற்றுக்கு மேல். இந்த இடத்தில் பலர் முழுவதையும் விட்டுவிடுவார்கள். தேங்கியதை எல்லாம் தீர்க்க வேண்டாம், தினமும் மேலே இருக்கும் இருபது மட்டும் போதும், மீதி காத்திருக்கட்டும் என்று முடிவு செய்தோம். ஆச்சரியமாக, காத்திருந்தவற்றில் பின்பெட்டி அட்டைகள் பெரும்பாலும் தாங்கின. முதல் பெட்டியில் இருந்தவை அடியோடு போயிருந்தன. வார்டுக்குப் போனவை, போகாதவை என்ற பிரிவினை இவ்வளவு அப்பட்டமாகத் தெரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தேர்வு

கோதே பி1 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றும் நூறு மதிப்பெண், அறுபது எடுத்தால் தேர்ச்சி. தவறிய பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம்.

ஜனவரியில் எழுதினார். படித்தலில் நல்ல மதிப்பெண். எழுதுதலும் பேசுதலும் தேறின. பேசும் பகுதியில் சொற்களுக்காகத் திணறவில்லை, வாக்கிய அமைப்பில்தான் தடுமாறினார். கேட்டல் பகுதியில் அறுபதைத் தொடவில்லை.

விடைத்தாளைப் பற்றிப் பேசும்போது காரணம் புரிந்தது. ரயில் நிலைய அறிவிப்பு, வானொலி உரையாடல் போன்றவற்றில் வந்த சொற்கள் பல அவர் அட்டையில் இருந்தவை. எழுதிக் காட்டினால் பொருள் சொன்னார். காதில் விழுந்தபோது அடையாளம் தெரியவில்லை. அட்டையைப் பிடித்தது மகள். ஒலித்தது அம்மாவின் குரல். ஜெர்மானியர் வாயில் அந்தச் சொல் அசை விழுங்கி, பக்கத்துச் சொல்லோடு ஒட்டி வருவதை அவர் காது கேட்டதே இல்லை. ஒரு சொல்லைத் தெரியும் என்பதில் எழுத்துருவம், ஒலியுருவம், பொருள் என்று தனித்தனி இணைப்புகள் உண்டு. ஒன்றைப் பலப்படுத்தினால் மற்றது தானாக வந்துவிடாது.

அடுத்த வாரங்களில் பெட்டியின் ஒரு பகுதியை ஒலிக்கு மாற்றினோம். பதிவுசெய்த சிறு வாக்கியத்தைக் கேட்டு, தமிழில் பொருள் சொல்ல வேண்டும்; எழுத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகு. பஸ்ஸில் போகும்போது செய்ய இது அட்டையைவிட எளிதாக இருந்தது. கேட்டல் பகுதியை மறுபடி எழுதித் தேறினார்.

எது வேலை செய்தது என்பதில் ஓர் எச்சரிக்கை

அட்டை, இடைவெளி, தமிழ்ச் சூழல், சைகை, தூக்க நேரம் எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மாற்றினோம். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க அவகாசம் இல்லை. எனவே முன்னேற்றத்தில் எது எவ்வளவு பங்கு என்று இந்த ஒரு நிகழ்வை வைத்துப் பிரிக்க முடியாது. தூக்கத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் குறைவு; நைட் டியூட்டி வாரங்களுக்கும் மற்ற வாரங்களுக்கும் உள்ள வித்தியாசம் பெட்டியிலேயே தெரிந்தது. சைகையைப் பற்றி அவ்வளவு உறுதி இல்லை. சில வினைகளுக்கு அது உதவியது, உணர்ச்சிச் சொற்களுக்குச் செயற்கையாகப் போய்விட்டது. அவரே சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அடுத்து மாறுபவை

இப்போதைய பேட்ச்சில் ஒவ்வொரு அட்டைக்கும் முதல் நாளிலேயே ஒலிப்பதிவு உண்டு. சேரும் நாளில் இருவிதத் தேர்வு வைக்கிறேன். ஆப் மதிப்பெண்ணைக் கணக்கில் எடுப்பதில்லை. ஷிஃப்ட் அட்டவணையை முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, எந்த வாரம் புதுச் சொல், எந்த வாரம் பழைய சொல் என்று அதன்மேல் குறிக்கிறோம். தலைப்பு வாரியான பட்டியல்களைக் கலைத்துத்தான் கொடுக்கிறேன்: ஒரு சமையலறைச் சொல், ஒரு ரயில் சொல், ஒரு கோபம். சிலர் இதை ஒழுங்கில்லாத பாடம் என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

ஆங்கிலத்தில் திடமானவர்களுக்குத் தமிழ்ப் பாலத்தைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆங்கிலவழியில் படித்த ஒரு மாணவருக்குத் தமிழ் அட்டை இடையூறாகவே இருந்தது. யாருக்கு எந்த மொழி உறுதி என்பதை முதல் வாரத்திலேயே கேட்டுக்கொள்கிறேன்.

அவர் இப்போது பி2 படிக்கிறார். அங்கே 'நேமென்' குடும்பம் மறுபடி பெருகுகிறது: ஏற்றுக்கொள்வது ஆன்நேமென், பொறுப்பெடுப்பது யூபர்நேமென், ஒன்றில் இறங்கிச் செய்வது உன்டர்நேமென். இதில் கடைசி இரண்டும் வாக்கியத்தில் பிரியாதவை. பிரியும் வினைகளில் பழகிய நாக்கு இவற்றையும் உடைக்கப் பார்க்கும். மூன்றையும் தனித்தனி மாதத்தில் போட்டிருக்கிறோம். ஷிஃப்டில் ஒரு பொறுப்பு நர்ஸிடமிருந்து நோயாளியை ஏற்றுக்கொள்ளும் ஹேண்ட்ஓவர் காட்சிதான் யூபர்நேமெனுக்கு அவர் எழுதிவைத்திருக்கும் அட்டை.